பேஸ்பால் அட்டைகளும் 24 சதவீத வட்டியும்

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன், நியூயார்க் மெட்ஸ் அணியின் தீவிர ரசிகன். அந்த அணி வீரர்களின் படம் அச்சிட்ட பேஸ்பால் அட்டைகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். அட்டைகள் அடங்கிய பெட்டிகளை நேரலையில் பிரிக்கும் ‘பிரேக்’ நிகழ்ச்சிகளில் மாதம் சுமார் 400 டாலர் செலவாகிறது. கிரெடிட் கார்டு பாக்கி 9,000 டாலர், வட்டி 24 சதவீதம். மாதம் 250 டாலர் கட்டுகிறேன். மகளின் கல்லூரிச் செலவுக்கு இந்த அட்டைகள் கைகொடுக்கும் என நம்பியிருந்தேன். இப்போது என் மைத்துனர், விலை உயர்ந்த அட்டைகளைச் சிறு பங்குகளாகப் பிரித்து விற்கும் செயலி ஒன்றில் 5,000 டாலர் போடச் சொல்லி வற்புறுத்துகிறார். போடலாமா?

பதில்: போட வேண்டாம். 24 சதவீத வட்டியில் கடனை வைத்துக்கொண்டு, எப்போது விற்கும், என்ன விலைக்கு விற்கும் என்று எவராலும் சொல்ல முடியாத ஒரு பொருளின் துண்டுப் பங்கை வாங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை. மைத்துனரிடம் இதை இன்றே சொல்லிவிடுங்கள்.

உங்களை உண்மையில் அரிப்பது அந்த ‘பிரேக்’ பழக்கம்தான். 9,000 டாலருக்கு மாத வட்டி மட்டும் ஏறக்குறைய 180 டாலர். நீங்கள் கட்டும் 250-இல் அசலுக்குப் போவது 70 டாலர். அதே மாதத்தில் புதிதாக 400 டாலர் கடன் ஏறுகிறது. இப்படியே போனால் ஓராண்டில் பாக்கி 13,000 டாலரைத் தாண்டிவிடும். பிரேக்கை நிறுத்தி, அந்த 400-ஐயும் சேர்த்து மாதம் 650 டாலர் கட்டினால், ஏறத்தாழ 17 மாதங்களில் கடன் முழுவதும் தீர்ந்துவிடும்.

பிரேக்கில் 30 அணிகளின் இடங்களும் தனித்தனியாக விற்கப்படுகின்றன; ஓர் அணியின் இடத்தை வாங்கியவருக்குப் பெட்டியில் வரும் அந்த அணியின் அட்டைகள் சேரும். இந்த இடங்களின் மொத்த விலை பெட்டியின் விலையைவிடக் கூடுதலாக இருந்தால்தான் நடத்துபவருக்கு லாபம். மெட்ஸின் ஹுவான் சோட்டோ போன்ற நட்சத்திரம் ஆடும் அணியின் இடத்துக்கு விலையும் ஏற்றியே வைக்கப்படும். பெட்டியில் மெட்ஸ் வீரரின் அரிய அட்டை இல்லையென்றால், உங்களுக்கு வந்து சேர்பவை எங்கும் மலிவாகக் கிடைக்கும் சாதாரண அட்டைகள்தாம். அட்டைகளை வெளியிடும் டாப்ஸ் நிறுவனத்தின் ஆண்டுத் தொகுப்பில் இரு பகுதிகளும் சேர்த்துச் சுமார் 700 அட்டைகள். அணிக்கு இருபத்துச் சொச்சம். மெட்ஸ் அட்டைகள் மட்டும் அடங்கிய தொகுப்பைப் பத்து, இருபது டாலருக்குள் தனியாகவே வாங்கிவிடலாம். அணியைப் பின்தொடர்வதற்கு அது போதும். அந்த மகிழ்ச்சியை நீங்கள் விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

கல்லூரிச் செலவு பற்றிய நம்பிக்கை என்னைக் கவலைப்படுத்துகிறது. அந்தக் கால நட்சத்திர வீரர் மிக்கி மாண்டிலின் 1952 டாப்ஸ் அட்டை 2022-இல் 1.26 கோடி டாலருக்கு விலைபோனது உண்மை. ஆனால் அந்த வரிசையில் விற்காமல் தேங்கிய பெட்டிகளைப் பின்னாளில் அந்த நிறுவனமே கடலில் கொட்டியதாகச் சொல்லப்படுகிறது, அந்த அளவுக்கு அவை அரிதாகிப் போனவை. உங்கள் அணியிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். டுவைட் கூடன் 1984-இல் சிறந்த புதுமுகம், 1985-இல் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதாளர். அவருடைய 1985 டாப்ஸ் அட்டைக்கு அன்று அத்தனை மவுசு. ஏராளமாக அச்சிடப்பட்டதால், அட்டையின் நிலையைச் சோதித்துத் தரும் தரச்சான்று இல்லாத சாதாரணப் பிரதி இன்று சில டாலருக்குக் கிடைக்கிறது. நாற்பது ஆண்டு காத்திருந்தவருக்கும் அவ்வளவுதான். நல்ல விலைக்கே விற்றாலும், ஏலத் தளத்தின் கழிவு போக, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த சேகரிப்புப் பொருட்களின் லாபத்துக்கு அமெரிக்க மத்திய வரி 28 சதவீதம் வரை போகலாம். பங்குகளுக்கு அந்த உச்சவரம்பு 20 தான்.

எனவே பிரேக் செயலியில் சேமித்து வைத்திருக்கும் கிரெடிட் கார்டு எண்ணை முதலில் நீக்குங்கள். சம்பளம் வரும் நாளிலேயே 650 டாலர் கடனுக்குப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். தரச்சான்று பெற்ற அட்டைகளில் மெட்ஸ் அல்லாதவை இருந்தால் அவற்றை விற்று, வரும் தொகையையும் அதே கடனில் கட்டுங்கள். மகளுக்கான 529 கல்லூரிச் சேமிப்புக் கணக்கைக் கடன் தீர்ந்த மறுமாதம் தொடங்கலாம். அப்போது மாதம் 650 டாலர் உங்கள் கையில் இருக்கும்.