‘அருமை’ சொல்லாத நாலு பேர்

கேள்வி: மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். சிறுகதையும் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் பேசுவது கிரியோல். என் கதையைப் படித்துக் கருத்துச் சொல்ல ஆளில்லை. தமிழ்நாட்டுத் தோழி ஒருத்தி என்னை ஒரு பெரிய வாட்ஸ்அப் எழுத்தாளர் குழுவில் சேர்த்துவிட்டாள். அங்கே எதைப் போட்டாலும் ‘அருமை’, கூடவே ஒரு கைகூப்பும் பொம்மை. ஒரே ஒருவர் மட்டும், டிசம்பர் மாதத்தில் வியர்த்து வழியும் என் கதாநாயகியைப் பார்த்து, “மார்கழியில் வியர்க்குமா? திருத்துங்கள்” என்றார். உருப்படியான குழுவை எப்படிக் கண்டுபிடிப்பது? கதையை யாராவது எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? அந்த மார்கழியை மாற்றிவிடட்டுமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாற்றாதீர்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே டிசம்பர் கோடைக்காலம். உங்கள் கதாநாயகி வியர்க்கத்தான் வேண்டும். ஆனால் கேள்வி கேட்டவரையும் தள்ளிவிடாதீர்கள். பெரிய குழுவில் உங்கள் கதையை உண்மையில் படித்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். அவர் தடுக்கி விழுந்தது உண்மை. சொன்ன மருந்துதான் தப்பு. கதை எந்த ஊரில் நடக்கிறது என்பது அந்த வரிக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தால் தடுக்கியிருக்க மாட்டார். வியர்வைக்கு நாலு வரி முன்னால் லிச்சிப் பழம் விற்பவன் ஒருவனைத் தெருவில் நடக்கவிடுங்கள். கரும்பு வெட்டு முடிந்த வயலைக் காட்டுங்கள். அடிக்குறிப்பு வேண்டாம். செம்மயிற்கொன்றையைப் பூக்க வைத்தால் மட்டும் கவனம்: அங்கே டிசம்பரில் சிவக்கும் அந்த மரம் தமிழ்நாட்டில் சித்திரை, வைகாசியில் சிவப்பது. அடுத்த திருத்தம் அதற்கு வந்து சேரும்!

யார் எதைச் சொன்னாலும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். ‘இங்கே நின்றுவிட்டேன்’ என்று வாசகர் சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். ‘இப்படி மாற்று’ என்றால் அது உங்கள் முடிவு. இரண்டு மூன்று பேர் ஒரே வரியில் நின்றால் அந்த வரியில் ஏதோ இருக்கிறது. ஒருவர் மட்டும் நின்றால் அவருடைய ஊர்ப் பழக்கமாகவும் இருக்கலாம். வாழையிலையில் பரிமாறும் ‘சேத் காரி’யை ‘ஏழு வகைக் கறி’ என்றும், ‘கத்தோ பிமா’வை ‘வடை’ என்றும் மாற்றச் சொல்பவர்கள் கட்டாயம் வருவார்கள். கதாபாத்திரம் எப்படிச் சொல்லுமோ அப்படியே விடுங்கள். பொருள் இடத்தாலேயே புரிந்தால் போதும்.

இனி குழு. நூற்றுக்கணக்கானோர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் விமர்சனம் நடக்காது. அது யாருடைய குற்றமும் இல்லை. காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, மழைப் படம் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கதை வந்தால், பார்த்தேன் என்று காட்டத்தான் எவருக்கும் நேரம் இருக்கும். அந்தக் குழுவை விட்டுப் போக வேண்டியதில்லை. அதை ஆள் தேடும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். யார் மற்றவர் கதையைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் எழுதுகிறார், யார் குறிப்பாக ஒரு வாக்கியத்தைச் சுட்டுகிறார் என்று சில வாரம் பாருங்கள். அப்படிப்பட்ட நாலு பேரிடம் தனியாகப் பேசி ஒரு சின்ன வட்டம் அமைப்பதே நல்லது. ஆனால் கேட்பதற்கு முன் கொடுங்கள். அவர்கள் கதைகளைப் படித்து, உங்களுக்கு வேண்டிய மாதிரியே கருத்தெழுதி அனுப்புங்கள். யார் பதிலுக்கு அக்கறை காட்டுகிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

நால்வரில் ஒருவராவது உங்கள் தீவுக்காரராக இருக்கட்டும். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படித்தவர்கள், உங்களைப் போன்ற ஆசிரியர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் தேடுங்கள். சென்னை வாசகர் கண்டுபிடிக்கவே முடியாத பொய்யை அவர் கண்டுபிடிப்பார். தமிழ் கேட்டால் புரியும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்குகிறவர் என்றால் கதையை வாசித்துக் குரல் பதிவாக அனுப்புங்கள். உரையாடல் செயற்கையாக இருக்கும் இடம் உங்கள் வாயிலேயே இடறும், அது தனி லாபம்.

நேரம் ஒரு பெரிய சிக்கல் இல்லை. இந்தியாவைவிட மொரீஷியஸ் ஒன்றரை மணி நேரம் பின்னால். ஞாயிறு மாலை சென்னையில் 7 மணி என்றால் உங்களுக்கு 5.30. வட்டத்தில் சிங்கப்பூர்க்காரர் யாராவது இருந்தால் அவருக்கு இரவு 9.30. கதையை ஒரு வாரம் முன்பே கூகுள் டாக்ஸில் போட்டு, கருத்து மட்டும் இடும் அனுமதியோடு இணைப்பை அனுப்புங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் செய்தது அடுத்தவர் கணினியில் குப்பையாகத் தெரியும். ஒரு தடவைக்கு 1,500 சொல்லுக்கு மேல் வேண்டாம்.

அனுப்பும்போது ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நாகரிகமான பதில் ஒன்றுதான். ‘எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தத் தோன்றியது? எந்த வரியை இரண்டு முறை படித்தீர்கள்? யார் பேசியதை நம்பவில்லை?’ இப்படிக் கேட்டால் பதில் சொல்கிறவருக்கும் சங்கடமில்லை. லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் வகுத்த முறை ஒன்று உண்டு. முதலில், படைப்பைப் பார்த்தவர்கள் தங்களைத் தொட்டதைச் சொல்ல வேண்டும், பிறகு படைத்தவர் தன் கேள்விகளைக் கேட்க வேண்டும், அடுத்து மற்றவர்கள் அபிப்பிராயம் ஒளிந்திராத கேள்விகளைக் கேட்கலாம், கடைசியில் படைத்தவரின் அனுமதி பெற்றுத்தான் அபிப்பிராயம். நடனத்துக்கு வந்தது கதைக்கும் பொருந்துகிறது. முதல் சில சந்திப்புகளுக்கு இதை அப்படியே பின்பற்றிப் பாருங்கள். சண்டை குறையும்.

கருத்து வந்ததும் விளக்கம் சொல்லக் கை பரபரக்கும். ‘அது இல்லீங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா...’ என்று தொடங்காதீர்கள். நன்றி சொல்லிவிட்டு இரண்டு நாள் கதையைத் தொடாமல் இருங்கள்.

திருட்டு பயம்: எழுதி முடித்த கணமே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்யத் தேவையில்லை. நாடுகள் ஒன்றின் பதிப்புரிமையை ஒன்று மதிக்கச் செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கையில் இந்தியாவும் மொரீஷியஸும் இருக்கின்றன. ஆனால் கருவுக்கு உரிமை கிடையாது, நீங்கள் எழுதிய வடிவத்துக்குத்தான். கூகுள் டாக்ஸ் பழைய வரைவுகளைத் தேதியோடு வைத்திருக்கும், அதை அழிக்காதீர்கள். உண்மையான ஆபத்து வேறு. பல இதழ்களும் போட்டிகளும் ‘வேறெங்கும் வெளிவராத படைப்பு’ கேட்கின்றன. முகநூலில் எல்லோரும் பார்க்கும்படி போட்டாலோ, பிரதிலிபி போன்ற தளத்தில் ஏற்றினாலோ அது வெளிவந்ததாகவே எண்ணப்படலாம். மூடிய சிறு வட்டத்தில் வரைவைக் காட்டுவதில் பொதுவாக அந்தத் தொல்லை இல்லை.

‘கவிச்சுடர்’ போன்ற பட்டமும் சான்றிதழும் தினமும் வழங்கும் குழுக்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ‘தொகுப்பில் உங்கள் கதை வர இவ்வளவு கட்டுங்கள்’ என்று கேட்கும் குழுவில் மட்டும் சிரிக்காமல் வெளியே வாருங்கள்.

வட்டம் அமைந்த பிறகும், மூன்று மாதத்தில் உங்கள் ஒரு வாக்கியத்தையாவது யாரும் கைவைத்துச் சுட்டவில்லை என்றால், வேலை அதிகம் என்று சொல்லி மெல்ல விலகிவிடுங்கள். அந்த மார்கழிக்காரரை முதலில் கேட்டுப் பாருங்கள். அவர் ஒப்புக்கொண்டால் இன்னும் மூவர்தான் தேட வேண்டும்.