கை வீங்கியதற்கு விலா எலும்பை எடுப்பதா?

கேள்வி: நான் பெயின்டர். வயது 27. ஒன்பது நாளைக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் விடாமல் சீலிங் அடித்தேன். மறுநாள் காலையில் வலது கை முழுக்க வீங்கி, விரல்கள் நீலம் பாரித்துவிட்டன. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவிவிட்டார்கள், குறையவில்லை. ஸ்கேனில், காறை எலும்புக்கு (காலர் போன்) கீழே சிரையில் ரத்தம் உறைந்திருப்பதாக வந்தது. நேற்று முதல் மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு டாக்டர் மாத்திரையே போதும் என்கிறார். இன்னொருவர் விலா எலும்பை எடுக்கணும் என்கிறார். எலும்பை எடுத்தால் தொழில் என்னாவது? ஸ்டென்ட் வைத்தால் போதாதா?
- வாசகர், ஈரோடு

பதில்: உங்களுக்குப் போனில் சொன்னதையே மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். பதில் அச்சாகும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது.

முதலில், நீவுவதை நிறுத்துங்கள். உறைந்த ரத்தம் நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளலாம். திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் அலகு காறை எலும்பு, கீழ் அலகு முதல் விலா எலும்பு. இரண்டும் நெருங்கும் மூலையில்தான் கையிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரை போகிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் இடுக்கு குறுகும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த இடம் நெருக்கம். அப்படிப்பட்டவர் நாள் கணக்கில் கையைத் தூக்கி வேலை செய்தால், சிரை நசுங்கி நசுங்கி உட்சுவர் தடித்து, ஒரு நாள் ரத்தம் உறைந்துவிடுகிறது. பளு தூக்குபவர்கள், நீச்சல் வீரர்களிடமும் இதைப் பார்க்கிறோம். ரிப்போர்ட்டில் ‘பேஜெட் ஷ்ரோட்டர்’ என்று இருந்தால் பயப்படாதீர்கள், இதன் பெயர்தான் அது.

மாத்திரை, உறைவு மேலும் வளராமல் பார்த்துக்கொள்ளும். குறைந்தது 3 மாதம் சாப்பிட வேண்டும். ஆனால் அது இடுக்கை அகலப்படுத்தாது. முதல் 14 நாளுக்குள் என்றால், கைச் சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, உறைவுக்குள்ளேயே மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கரைக்க நல்ல வாய்ப்பு உண்டு. நாளாக ஆக உறைவு இறுகிவிடும். உங்களுக்கு மிச்சமிருப்பது சில நாள்தான். ரத்தநாள அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு இன்றே போங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது.

ஸ்டென்ட்? எலும்பை எடுக்காமல் வேண்டவே வேண்டாம். சிரையையே நசுக்குகிற எலும்புகள் அந்தக் கம்பி வலையையும் நசுக்கி உடைக்கும், மறுபடி அடைப்புதான். எலும்பை எடுத்த பிறகும் சிரை சுருங்கியிருந்தால் பலூன் வைத்து விரிக்கலாம்.

மாத்திரையிலேயே வீக்கம் வடிந்து, உட்கார்ந்து வேலை பார்ப்பவராக இருந்தால் ஆபரேஷன் இல்லாமலும் நானே பொறுத்துப் பார்ப்பேன். உங்கள் தொழிலுக்கு, இரண்டாவது டாக்டர் சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. இடுக்கு அகலும்படி, முதல் விலா எலும்பை அக்குள் வழியாகவோ காறை எலும்புக்குக் கீழாகவோ வெட்டி எடுப்பார்கள். ரத்தக்கசிவு, நரம்பு அல்லது நுரையீரல் உறையில் காயம் ஆகிய அபாயங்கள் உண்டு. அனுபவமுள்ளவர் கையில் அவை குறைவு. முதல் விலா போனதால் கையின் பலம் போகாது.

ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோடு, மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளைச் சேர்க்காதீர்கள். வயிற்றில் ரத்தம் கசியலாம்.

பொதுவாக இரண்டு மூன்று மாதத்தில் பழைய வேலைக்குத் திரும்பலாம். தொடக்கத்தில் ரோலருக்கு நீளக் கழி மாட்டி அடியுங்கள், கை தோளுக்கு மேல் அதிகம் போகாது.