சோப்புக்காரர் பதில்கள்: லாரிக் அமிலம் படுத்தும் பாடு

கேள்வி: சுத்தமான தேங்காய் எண்ணெயை மட்டும் வைத்து வீட்டில் சோப்பு போடுகிறேன். நுரை பிரமாதம். ஆனால் குளித்ததும் கைகால் வெளுத்து, நகம் பட்டால் கோடு விழுகிறது. லாரிக் அமிலம் தோலுக்கு நல்லது என்கிறார்களே ஐயா?
– வாசகி, உடுமலை

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லையம்மா. சோப்பு கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்கிறது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம் என்கிற கொழுப்பு அமிலம். அது 12 கார்பன் கொண்ட குட்டைச் சங்கிலி. நல்லெண்ணெய், கடலை எண்ணெயில் இருப்பவை பெரும்பாலும் 18 கார்பன். காஸ்டிக் சோடாவோடு சேர்ந்து சோப்பானதும் குட்டைச் சங்கிலி தண்ணீரில் சட்டென்று கரைகிறது, குபுகுபுவென நுரைக்கிறது. அதே வேகத்தில் அழுக்கோடு தோலின் எண்ணெய்ப் பசையையும் வழித்துக்கொண்டு போய்விடுகிறது. நுரைதான் சோப்பின் தரம் என்று நினைப்பவர்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் ஏறுவதில்லை.

தேங்காய் எண்ணெயைக் குறையுங்கள். ஒரு கிலோவுக்கு என் கணக்கு: தேங்காய் எண்ணெய் 400 கிராம், ரேஷன் பாமாயில் 500, விளக்கெண்ணெய் 100. காஸ்டிக் 148 கிராம். எண்ணெயில் 5 சதவீதம் சோப்பாகாமல் தங்கும்படி போட்ட அளவு இது. அந்த மிச்சம்தான் தோலைக் காக்கும். தேங்காய் எண்ணெய் மட்டும் என்றால் கிலோவுக்கு 183 கிராம் காஸ்டிக் முழுசாகப் பிடிக்கும், விளக்கெண்ணெய்க்கோ 128 போதும். எனவே எண்ணெயை மாற்றிவிட்டுப் பழைய காஸ்டிக் அளவையே போட்டுவிடாதீர்கள், கை எரியும். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் பக்கமே போகாதீர்கள், அரித்துவிடும். வெட்டிய கட்டிகளை நாலு வாரமாவது காற்றாடக் காய விடுங்கள்.

தனித் தேங்காய் எண்ணெய்ச் சோப்புதான் வேண்டும் என்றால், மிச்ச எண்ணெயை 20 சதவீதமாக்குங்கள், அதாவது கிலோவுக்கு 146 கிராம் காஸ்டிக். அது அச்சில் ஊற்றிய சில மணி நேரத்திலேயே கல்லாகும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெட்டிவிடுங்கள். மறுநாள் கத்தி வைத்தால் ஓரமெல்லாம் பொரிந்து உதிரும்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. சில சோப்பு நுரைக்கிறது, சிலது திரிதிரியாகத் திரண்டு போகிறது. ஏன்?
– வாசகர், இராமநாதபுரம்

பதில்: நுரைப்பதில் லாரிக் அதிகம். உப்பு கலந்த தண்ணீரில் நீளச் சங்கிலிச் சோப்பு கரையாமல் ஒதுங்கிவிடும். லாரிக்கிலிருந்து வரும் சோப்பு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கப்பல்காரர்கள் கடல் தண்ணீரில் குளிக்கத் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு வைத்திருந்தது இதனால்தான். சோப்புக் கம்பெனியில் எங்களுக்கு இதுவே தலைவலி. காய்ச்சிய சோப்பை உப்புப் போட்டுப் பிரிக்கும்போது மற்ற எண்ணெய்க்குப் போதுகிற உப்பு தேங்காய் எண்ணெய்க்குப் பத்தாது, அள்ளி அள்ளிக் கொட்ட வேண்டும்.

கேள்வி: ஷாம்புவில் சோடியம் லாரில் சல்பேட் என்று போட்டிருக்கிறது. அதுவும் லாரிக் அமிலம்தானா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஒரே குடும்பம், வேறு ஆள். 12 கார்பன் ஆல்கஹாலைச் சல்பேட் ஆக்கியது. கடினத் தண்ணீரிலும் நுரைக்கும். வறண்ட தோல்காரர்களுக்குச் சோப்பைவிட அதிகம் எரிச்சல் தரலாம்.

கேள்வி: "தாய்ப்பாலில் இருக்கும் அதே லாரிக் அமிலம், வைரஸைக் கொல்லும்" என்று வாட்ஸ்அப்பில் பார்த்து, என் மாமனார் தினமும் வெறும் வயிற்றில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் குடிக்கிறார். கொலஸ்ட்ரால் மாத்திரையும் சாப்பிடுகிறார்.
– வாசகி, பெருந்துறை

பதில்: தாய்ப்பாலில் இருப்பது உண்மை. லாரிக் அமிலமும் அதிலிருந்து கிடைக்கும் மோனோலாரினும் ஆய்வகத் தட்டில் சில கிருமிகளைக் கொல்வதும் உண்மை. அதை வைத்துக்கொண்டு, குடித்த எண்ணெய் உடம்புக்குள் போய்ச் சண்டை போடும் என்று சொல்ல முடியாது. "கொழுப்பாகத் தங்காது, நேரே ஈரலில் எரிந்துவிடும்" என்பார்கள். அது 8, 10 கார்பன் அமிலங்களின் கதை. லாரிக்கில் பெரும்பகுதி மற்றக் கொழுப்புகளைப் போல நிணநீர் வழியாகவே ரத்தத்துக்குப் போகிறது.

இரண்டு மேசைக்கரண்டியில் நிறைவுற்ற கொழுப்பு மட்டும் 22 கிராமுக்கு மேல். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு நாள் உச்சவரம்பே ஏறக்குறைய அவ்வளவுதான். பொழுது விடிவதற்குள் மாமனார் அதைத் தீர்த்துவிடுகிறார்! லாரிக் நல்ல கொலஸ்ட்ராலை ஏற்றும். கெட்ட எல்டிஎல்லையும் ஏற்றும். 2020-ல் 'சர்குலேஷன்' இதழில் வந்த தொகுப்பாய்வில், சூரியகாந்தி போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டபோது தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுக்குக் கூட்டியது. மாத்திரை ஒரு பக்கம் இறக்க, இவர் மறுபக்கம் ஏற்றுகிறார். தாளிக்க, அவியலில் ஊற்ற ஒரு கரண்டி இருக்கட்டும். குடிப்பதை நிறுத்தச் சொல்லி மருத்துவரிடமும் காட்டுங்கள். நான் சோப்புக்காரன், மாத்திரை அளவெல்லாம் அவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: பொடுகுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்க்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: முடிக்கு நல்லது. அது முடிக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைப்பதாக 2003-ல் ஆய்வே வந்தது. மண்டைத் தோல் வேறு விஷயம். பொடுகோடு தொடர்புள்ள மலசீசியா என்கிற பூஞ்சைக்குக் கொழுப்பு அமிலங்கள்தான் தீனி, லாரிக்கும் அதில் சேர்த்தி. பொடுகு அடங்கும்வரை நுனி முடிக்கு மட்டும் தடவுங்கள்.