42 பேருக்கு ஒரு மலர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பள்ளி இறுதி வகுப்பில் 42 பேர் இருக்கிறோம். நினைவு மலருக்காக ‘மறக்க முடியாத நினைவு எது?’ என்று படிவம் கொடுத்தோம். முக்கால்வாசிப் பேர் ‘சுற்றுலா’, ‘நண்பர்கள்’ என்று ஒரே மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதை வைத்து எப்படி மலர் போடுவது? – மலர்க் குழு மாணவி ஒருவர்

எழுதியவர்கள் மேல் தப்பில்லை, கேள்விதான் சரியில்லை. ‘மறக்க முடியாத’ என்று கேட்டதும் பெரிதாக ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று தோன்றிவிடும். பெரிய நிகழ்ச்சிகள் வகுப்புக்கே பொதுவானவை. அதனால் 42 பேரும் ஒன்றையேதான் எழுதுவார்கள்.

சின்ன விஷயங்களைக் கேளுங்கள். எந்த பெஞ்ச், பக்கத்தில் யார்? உங்கள் இடத்திலிருந்து ஜன்னல் வழியே என்ன தெரியும்? எந்த பீரியடில் கண் சொக்கும்? எந்த ஆசிரியர் உள்ளே வந்ததும் முதலில் என்ன சொல்வார்? யாரிடம் வாங்கிய எந்தப் பொருள் இன்னும் உங்களிடமே இருக்கிறது? இப்படி ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி இடம். அப்போதுதான், “மூணாவது பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. பேப்பர் மடிச்சு வெச்சாதான் கணக்கு எழுத முடியும். அந்தப் பேப்பரை யார் உருவினதுன்னு தினமும் சண்டை” என்பது போன்ற பதில் வரும். அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர் மட்டுமே எழுதக்கூடிய வரி அது.

படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பாதிதான் திரும்பி வரும். ஒரு பீரியட் கேட்டு வாங்கி, வகுப்பிலேயே 20 நிமிடம் உட்கார்ந்து கையால் எழுதச் சொல்லுங்கள். எழுத வராதவர், கூச்சப்படுபவர் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களோடு நெருங்கிய தோழர் ஒருவர் உட்கார்ந்து, மூன்று நிமிடம் பேச வைத்துச் செல்போனில் பதிவு செய்யட்டும். பிறகு கேட்டு எழுதிக்கொள்ளலாம். நீளத்தைக் குறையுங்கள், ஆனால் பேச்சு வழக்கைத் திருத்தாதீர்கள். ‘உருவினது’ என்பதை ‘அகற்றியது’ என்று மாற்றினால், பேசியவர் அந்த வரியிலிருந்தே காணாமல் போய்விடுவார்.

கேள்வி: மலருக்கு எத்தனை பக்கம் தேவை? கையெழுத்து வாங்க வெற்றுப் பக்கங்களும் வேண்டும். அச்சகத்தில் என்ன சொல்ல வேண்டும்?

சென்டர் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்க எண்ணிக்கை 4-ஆல் வகுபட வேண்டும். ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம் கிடைக்கும் என்பதுதான் காரணம். 42 பேருக்குத் தலா அரைப் பக்கம் என்றால் 21. வகுப்புப் படமும் பெயர்களும் 2, ஆசிரியர்கள் 4, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்ற இருக்கை வரைபடம் 2, கடைசி வருடக் கால அட்டவணை 1, கையெழுத்துக்கு 4, முகப்பும் பொருளடக்கமும் 2. மொத்தம் 36, கணக்கு சரியாக விழுகிறது. அட்டை தனி.

கையெழுத்துப் பக்கங்களை மட்டும் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் போடவே கூடாது. பேனா மை அதில் ஊறாமல் மேலேயே நிற்கும். கை பட்டால் இழுகிவிடும். அந்த நான்கு பக்கத்துக்கு 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அளவில் பூச்சில்லாத தாள் போதும். மற்ற பக்கங்களிலிருந்து வேறுபட்ட ஒரே மடிப்புத் தாள் என்பதால் அதைப் புத்தகத்தின் நட்டநடுவில், 17 முதல் 20 வரையிலான பக்கங்களாக வையுங்கள். வேறு எங்கே வைத்தாலும் பாதி முன்னாலும் பாதி பின்னாலுமாகப் பிரிந்துவிடும். கடைசிப் பக்கங்களில் கையெழுத்து வாங்கலாம் என்று திட்டம் போடும் குழுக்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிப்போகும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி (பிக்சல்) வேண்டும். 6 செ.மீ. அகலத்தில் அச்சாகும் முகப் படத்துக்கு 700 பிக்சல் அகலம் போதும், 18 செ.மீ. வகுப்புப் படத்துக்கு 2,100-க்குக் குறையக் கூடாது. வகுப்புப் படத்தை இரண்டு பக்கங்களில் பரப்ப ஆசை வரும். வேண்டாம். மடிப்பில் இரண்டு மூன்று முகங்கள் சிக்கிக்கொள்ளும். வாழ்நாள் முழுக்க அந்தப் புத்தகத்தில் அவர்களுக்கு முகம் இருக்காது.

தமிழ் எழுத்தை யூனிகோடில் அடியுங்கள். எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே சேர்த்த (embed) பிடிஎஃப் கோப்பாக அச்சகத்துக்குக் கொடுங்கள். வடிவமைப்பு மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி ‘கொ’, ‘காெ’ ஆகிவிடுவது உண்டு. அதனால் கணினித் திரையில் பார்த்ததோடு விடாமல், காகிதத்தில் ஒரு படி எடுத்துப் படியுங்கள். அவரவர் பெயரை அவரவரே பார்த்துச் சுருக்கொப்பம் இடட்டும். வேறு எந்தப் பிழையும் பொறுக்கும், பெயர்ப் பிழை பொறுக்காது.

கேள்வி: குழுப் படத்தில் எப்போதும் யாராவது கண்ணை மூடிவிடுகிறார்கள். எத்தனை முறை எடுக்க வேண்டும்?

இதற்குக் கணக்கே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும் போட்ட அந்தக் கணக்குக்கு 2006-இல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. 20 பேருக்குக் குறைவான குழுவில், நல்ல வெளிச்சம் என்றால் ஆள் எண்ணிக்கையை 3-ஆல், மங்கல் என்றால் 2-ஆல் வகுத்து, அத்தனை படம் எடுக்க வேண்டும். 42 பேர் என்றால் அதுவும் போதாது. 25 முறையாவது எடுங்கள். உச்சி வெயிலைத் தவிர்த்து, கட்டட நிழலில் எல்லோரும் ஒரே சீரான வெளிச்சத்தில் நில்லுங்கள். வரிசைக்கு 14 பேராக மூன்று வரிசை வையுங்கள்.

கண்களை விடப் பெயர்களுக்குத்தான் கூடுதல் கவனம் தேவை. வரிசை கலைவதற்கு முன்பே ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தாள் கொடுத்து, பெயர் எழுதிக் கையோடு கைமாற்றச் சொல்லுங்கள். படத்தைப் பார்ப்பவருக்கு இடப்பக்கம் இருப்பவரிடமிருந்து தாள் கிளம்ப வேண்டும். நிற்பவர்களுக்கு அது வலக்கைப் பக்கம். தங்கள் இடப்பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிட்டால் அச்சில் பெயர்கள் தலைகீழாகிவிடும்.

கேள்வி: எனக்கு அந்தப் பள்ளியில் சந்தோஷமான நினைவே இல்லை. வைத்த பட்டப்பெயரைச் சொல்லித்தான் கடைசி நாள் வரை கூப்பிட்டார்கள். மலருக்கு எழுதியே தீர வேண்டுமா? – பெயர் வேண்டாம்

வேண்டியதில்லை. படமும் பெயரும் மட்டும் போட்டால் போதும் என்று குழுவிடம் சொல்லுங்கள். படம்கூட வேண்டாம் என்றாலும் சொல்லலாம். எழுத விரும்பினால் சந்தோஷத்தை நடிக்க வேண்டாம். நிம்மதியாக இருந்த ஓர் இடம், நூலகத்தின் மூலை நாற்காலியோ மாடிப்படியோ, ஒரே வரியில் எழுதலாம். பட்டப்பெயர் அச்சாகக் கூடாது என்று பொறுப்பாசிரியரிடம் எழுத்திலேயே கேளுங்கள். அந்த வலி இன்னும் உறுத்துகிறது என்றால், நீங்கள் நம்பும் பெரியவர் ஒருவரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். இத்தனை வருடம் தாங்கியதே பெரிய காரியம்.

மலர்க் குழுவினருக்கும் இங்கே ஒரு வார்த்தை. பட்டப்பெயர், கேலிப்படம், ‘வகுப்பிலேயே பெரிய தூங்குமூஞ்சி’ மாதிரிப் பட்டங்கள் எதுவானாலும் உரியவரிடம் தனியாகக் கேட்ட பிறகே போடுங்கள். நண்பர்கள் சூழ நிற்கும்போது கேட்டால் அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிடுவார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாதியில் பள்ளி மாறிப் போனவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஒரு வருடம் உட்கார்ந்திருந்தாலும் அவர் அந்த வகுப்புப் பிள்ளைதான். இருக்கை வரைபடத்தில் அவர் பெயரும் இருக்கட்டும்.

கேள்வி: சீருடைச் சட்டையில் கையெழுத்து வாங்கினால் துவைக்கும்போது போய்விடுமா?

பால்பாயின்ட், ஜெல் பேனா என்றால் மங்கும், கசியும். துணிக்கென்றே உள்ள மார்க்கர் வாங்குங்கள். முன்பக்க மை பின்பக்கம் இறங்காமல் இருக்கச் சட்டைக்குள் அட்டை வையுங்கள். ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, மேலே மெல்லிய துணி போட்டு இஸ்திரி போடுங்கள். துவைக்காமலே மடித்து வைப்பது இன்னும் நல்லது. ஆனால் வியர்வைக் கறை நாளாக மஞ்சளாகும் என்பதால், துவைத்த சட்டையில் கையெழுத்து வாங்குங்கள்.

கேள்வி: மூன்று வருடப் படங்கள், காணொளிகள் எல்லாம் வகுப்புக் குழுவிலும் பள்ளி கொடுத்த மின்னஞ்சல் கணக்கிலும் இருக்கின்றன. அவை அப்படியே இருக்குமா?

இருக்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். படிப்பு முடிந்ததும் மாணவர் கணக்குகளைப் பல பள்ளிகள் மூடிவிடும். அதோடு சேர்த்து வைத்த கோப்புகளும் போகும். கடைசித் தேர்வுக்கு முன்பே எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். மூன்று நகல்கள் வேண்டும்: ஒன்று வன்தட்டில், ஒன்று உங்கள் சொந்த மேகக் கணக்கில் (கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பு), ஒன்று வேறு வீட்டில் இருக்கும் தோழரிடம். பென்டிரைவை மட்டும் நம்ப வேண்டாம்; வருடக்கணக்கில் இழுப்பறையில் கிடந்தால் தகவல் அழியக்கூடும். கோப்பின் பெயரில் வருடம், மாதம், நாள், பிறகு நிகழ்ச்சி, பிறகு படத்தில் இருப்பவர்களின் பெயர் என்று எழுதுங்கள். மூன்று வருடப் படங்கள் அத்தனைக்கும் இப்படிச் செய்ய முடியாது. நல்லதாக 200 தேர்ந்தெடுத்து, ஆளுக்கு 20 என்று பத்துப் பேர் பிரித்துக்கொண்டால் ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிடும்.