கன்று நடக் கிளம்பும் முன்: அலையாத்திக் காடு பற்றி மதுரைக்காரர்கள் கேட்ட கேள்விகள்

மதுரையிலிருந்து கல்லூரி மாணவர்கள் சிலர் ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டுக்குப் போய் அலையாத்திக் கன்று (கடலோரச் சேற்றில் வளரும் மாங்குரோவ்) நடப் போவதாகப் பேச்சு அடிபட்டதும் நம்மவர்களிடமிருந்து கேள்வி மேல் கேள்வி. பாக் விரிகுடாக் கரையில் மீனவ ஊர்களோடு சேர்ந்து இந்த வேலை பார்த்தவன் என்பதால் அத்தனையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர்: சார், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் 200 பேர் வருகிறோம். ஒரே நாளில் 2,000 கன்று நட்டுவிடலாமா? எந்த இடம் தோது?

நட்டுவிடலாம், அதில் சிரமமே இல்லை. அடுத்த வருடம் அதில் எத்தனை நிற்கும் என்பதுதான் பிரச்சினை.

அலையாத்தி மரங்கள் விதைக்குப் பஞ்சம் வைப்பதில்லை. காய்த்து உதிர்ந்ததைக் கடல் வெள்ளமே அள்ளிக்கொண்டு போய்க் கரை நெடுக ஒதுக்குகிறது. அப்படியிருந்தும் ஓரிடம் வெறும் சேறாகக் கிடந்தால், "இங்கே ஏன் தானாக முளைக்கவில்லை?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அந்த இடம் எந்நேரமும் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கலாம். அல்லது வெள்ளமே ஏறாத மேடாக இருக்கலாம். ஆடு மாடு மேயலாம், உப்பு ஏறிப்போயிருக்கலாம். காரணத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே கன்றை மட்டும் ஊன்றினால் அதுவும் அதே காரணத்தால்தான் சாகும்.

இலங்கையில் சுனாமிக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 23 இடங்களில் நட்டதைப் போய்ப் பார்த்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. 1,000 ஹெக்டேருக்கு மேல் நட்டதில் தேறியது 200 ஹெக்டேர் சொச்சம். பிலிப்பைன்ஸிலும் பல இடங்களில் நூற்றுக்குப் பத்து இருபதுதான் பிழைத்தது. நடுவதற்கு எளிது, வேறு யாரும் உரிமை கொண்டாட மாட்டார்கள் என்பதற்காகத் தாழ்ந்த திறந்த சேற்றுவெளியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே கன்றின் தண்டு முழுக்கக் கொட்டலசு (ஓடுள்ள சின்னக் கடலுயிர்) ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாரம் தாங்காமல் கன்று சாய்ந்து, அடுத்த அலையில் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அந்தச் சேற்றுவெளி உள்ளான் போன்ற கரைப்பறவைகள் இரை தேடும் இடம் என்பதையும் மறக்கக் கூடாது.

போதாக்குறைக்கு 200 பேர் சேற்றில் இறங்கி மிதித்தால், அங்கே ஏற்கெனவே தானாக முளைத்திருக்கும் குருத்துகளும் நசுங்கும். இருபது இருபது பேராகப் பிரித்து, தூர்ந்துபோன வாய்க்காலைத் தூர்வார ஊர்க்காரர்களோடு அனுப்புங்கள். கடல்தண்ணீர் போய்வர வழி கிடைத்தால் விதை தானாக வந்து முளைக்கும். படத்துக்கு அழகாக இருக்காதுதான். வேலை நடக்கும்.

மேலூர் விவசாயி ஒருவர்: வாய்க்கால் வெட்டினா காடு தானா வந்துரும்னு சொல்றீங்களே, அது எப்படிங்க?

உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வரத்துக்கால் தூர்ந்த கண்மாயில் எவ்வளவுதான் கரையை உயர்த்தினாலும் பயன் உண்டா? அதே கதைதான், தண்ணீர் மட்டும் இரண்டு பக்கமும் போய்வர வேண்டும்.

சிதம்பரம் பக்கம் பிச்சாவரத்தில் ஆங்கிலேயர் ஆட்சியில் தொடங்கி 1970கள் வரை காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, ஒரு கூறை மொத்தமாக வெட்டுவது, அது மறுபடி வளரட்டும் என்று விடுவது என்று நிர்வாகம் நடந்தது. மரம் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி, மண் அமுங்கி, அந்த இடம் தட்டு போலக் குழிந்தது. ஓதம் (தினமும் ஏறி இறங்கும் கடல்தண்ணீர்) ஏறும்போது உள்ளே வந்த தண்ணீர் வற்றும்போது வெளியே போக வழியில்லை. தேங்கியது வெயிலில் ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. வருடா வருடம் இப்படியே ஏறி ஏறி, எந்த விதை விழுந்தாலும் கருகும் உவர்க்களம் ஆகிவிட்டது. சித்திரை வெயிலில் அப்படி ஓரிடத்தில் நடந்தால் காலடியில் வெள்ளைப் பொருக்கு நொறுங்கும், நடுநடுவே பழைய அடிக்கட்டைகள் துருத்திக்கொண்டு நிற்கும். காடு அழிந்ததற்குக் கால்நடையும் விறகு வெட்டும் ஊர்க்காரர்களும்தான் காரணம் என்று வெகுகாலம் பழி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து மண்ணையும் உப்பையும் அளந்து பார்த்துத்தான் இந்தக் குழிவைக் கண்டுபிடித்தது. கடல்தண்ணீர் புகுந்து கிடக்கும் கழியிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போல இருக்கும், பெயரும் மீன்முள் வாய்க்கால் என்றே நின்றுவிட்டது. ஓதம் போய்வர ஆரம்பித்ததும் உப்பு கழுவப்பட்டது. வாய்க்காலின் சரிவில், தண்ணீர் ஏறி இறங்கும் மட்டத்தில் கன்று வைத்தார்கள். முத்துப்பேட்டையிலும் ஆந்திரத்தின் கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்களிலும் இதே முறைதான் போனது.

இதில் ஒரு எச்சரிக்கை. வாய்க்கால் வண்டல் பிடித்து மேடாகும், விடாமல் தூர்வாரியாக வேண்டும். திட்டப் பணம் மூன்று வருடத்தில் தீர்ந்ததும் தூர்வார யார் இருக்கிறார்கள்? ஊர் இருந்தால் காடு இருக்கும். பாக் விரிகுடாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்குள்தான், அதனால் மட்டம் ஒரு சாண் தப்பினாலும் வேலை வீண்.

ஆனையூர் பள்ளி மாணவி: அங்கிள், உப்புத் தண்ணியில இந்த மரம் மட்டும் எப்படி சாகாம இருக்கு?

சுரபுன்னை, வெண்கண்டல் என்று அலையாத்தியில் வகை உண்டு. சுரபுன்னை வேரிலேயே பெரும்பாலான உப்பை வடிகட்டி வெளியே நிறுத்திவிடும். வெண்கண்டல் கொஞ்சம் உள்ளே விட்டு இலை வழியாக வெளியேற்றும். காரங்காட்டுக்குப் போனால் வெண்கண்டல் இலையின் மேல் விரலைத் தடவி நாக்கில் வைத்துப் பார், கரிக்கும். மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பது மூச்சுவேர். சேற்றில் காற்று கிடையாது, அதனால் மேலே வந்து மூச்சு விடுகிறது.

செல்லூரிலிருந்து: நமக்கும் அலையாத்திக்கும் என்னண்ணே சம்பந்தம்? நாம இருக்கிறது மதுரை.

வைகை எங்கே போய் முடிகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ராமநாதபுரம் பெரிய கண்மாயில். அதுவும் நிறைந்து மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்ற ஊரருகே பாக் விரிகுடாவைத் தொடும். அலையாத்திக்கு உப்புத்தண்ணீர் மட்டும் போதாது, நன்னீரும் வண்டலும் கலந்து வந்தால்தான் செழிக்கும். ஆற்றுநீர் குறையக் குறைய உப்பைத் தாங்கும் வெண்கண்டல் மட்டும் மிஞ்சுகிறது, அதுவும் குட்டையாக. மேலே அணை, நடுவில் பாசனம், குடிநீர் எல்லாம் தேவைதான். கடலில் கலக்கும் தண்ணீரை "வீணாகிறது" என்று சொல்வதை மட்டும் நிறுத்தினால் நல்லது. நாம் ஆற்றில் தள்ளுகிற சாக்கடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தேவிபட்டினம் பக்கத்து மீனவர், இப்போது மதுரையில் மீன் வியாபாரம்: அண்ணே, காடு வளந்துச்சுன்னா வனத்துறை வேலி போட்டு எங்களையே உள்ள விடமாட்டாங்க. எங்க கையாலயே எங்க கழியை ஏன் மூடணும்?

இந்தப் பயம் நியாயமானது. திட்டக்காரர்கள் இந்தக் கேள்விக்குச் சிரித்து மழுப்புவதைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளதைச் சொல்கிறேன். 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி அலையாத்தி உள்ள இடம் மிகக் கண்டிப்பான பிரிவில் வருகிறது. 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் சுற்றிலும் 50 மீட்டர் காப்பு வளையமும் உண்டு. ஆக, இன்றைக்குப் புறம்போக்குச் சேறாகக் கிடப்பது நாளை மரமானதும் அதன் சட்ட நிலை மாறும். அதனால் பேச்சு முதலிலேயே நடக்க வேண்டும். படகு போகும் தடம் எது, வலை காயப்போடும் திடல் எது, கையால் இறால் தடவும் பெண்கள் எந்த வழியாக இறங்குகிறார்கள் என்று வரைபடத்தில் குறித்து, கிராமசபைத் தீர்மானத்தில் ஏற்றிவிட்டு அதன் பிறகு மண்வெட்டியைத் தொடுங்கள். நிலம் காப்புக்காடு என்றால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 3(1)(d) பிரிவு நீர்நிலைகளில் மீன் உள்ளிட்டவற்றுக்கான சமூக உரிமையைப் பேசுகிறது. தலைமுறை தலைமுறையாக அங்கே பிழைத்ததற்குச் சான்று வேண்டும், பழைய ரசீது, பட்டியல் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

குழு அமைக்கும்போது படகு வைத்திருக்கிறவர்கள் மட்டும் உட்கார்ந்து முடிவெடுத்துவிடுவது வழக்கம். படகே இல்லாமல் இடுப்பளவு தண்ணீரில் தடவிப் பிடிக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கழி சோறு போடுகிறது. அவர்கள் குழுவில் இல்லாவிட்டால் அந்தக் குழு கலெக்டர் அலுவலகத்துக்குக் கொடுக்கும் காகிதத்துக்குத்தான் உதவும்.

அவரே மறுபடி: சரிண்ணே, வருமானம்னு பாத்தா என்ன கிடைக்கும்?

உடனே பெரிதாக ஒன்றும் கிடைக்காது. முதல் சில வருடம் வாய்க்கால் வெட்டும் கூலி, விதை பொறுக்கும் கூலி, நாற்றுப்பை நிரப்பும் கூலி. மரம் வேர் பிடித்து நிழல் விழுந்த பிறகுதான் கழிநண்டு, இறால் குஞ்சு, மடவை, கொடுவா எல்லாம் ஒதுங்க வரும். உதிரும் இலை அழுகி, அதைத் தின்னும் சிறு பூச்சி புழு, அதைத் தின்னும் குஞ்சு என்று சங்கிலி போகிறது. ஓடு கழற்றிய தண்ணி நண்டை வாங்கிக் கூண்டில் சில வாரம் தீனி போட்டுச் சதை ஏற்றி விற்பது நல்ல தொழில், ஆனால் அதற்குத் தினமும் கழிவுமீன் வேண்டும். சினை நண்டைப் பிடித்தால் அடுத்த வருடம் கூண்டு காலி.

எல்லீஸ் நகர்: சுனாமியைத் தடுத்தது அலையாத்திதான் என்பது உண்மையா?

பாதி உண்மை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் செய்த ஆய்வில் அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று தெரிந்தது. அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். புயல் அலையையும் கரை அரிப்பையும் தணிக்கும் என்பதில் சந்தேகமில்லை. சுவர் என்று நம்பி முன்னால் வீடு கட்டாதீர்கள்.

விளாச்சேரி: கார்பன் விற்று ஊருக்குப் பணம் வருமாமே?

மரம் காற்றிலிருந்து இழுத்து வைக்கும் கார்பனுக்கு வெளியிலிருந்து கிடைக்கும் விலைதான் இது. கென்யாவில் காசி (Gazi) விரிகுடாவில் 117 ஹெக்டேர் காட்டை வைத்து 2013 முதல் ஊர்மக்களே விற்கிறார்கள். பள்ளிக்கும் குடிநீருக்கும் அந்தப் பணம் போகிறது. குடும்பத்துக்குக் குடும்பம் பங்கு போட்டால் டீச்செலவுக்குக் காணாது. அதை நம்பி இறங்காதீர்கள். யாராவது ஒப்பந்தத்தோடு வந்தால் எத்தனை வருடத்துக்கு, யார் பெயரில் என்ற இரண்டு வரியை முதலில் படியுங்கள்.

சிவகங்கை: இறால் பண்ணைகள் இருக்கும் இடத்தில் இதெல்லாம் எடுபடுமா?

காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர மண்டலத்துக்குள் இறால் பண்ணைகளைத் தடுத்தது. 2005-இல் வந்த தனிச்சட்டம் பதிவு செய்த பண்ணைகளுக்கு வழி விட்டது. கைவிட்ட பண்ணைகள் உண்மையில் நல்ல இடம். கரையை உடைத்து ஓதத்தை உள்ளே விட்டாலே பாதி வேலை முடியும். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதில்தான் மீதிப் பாதி மாட்டிக்கொள்ளும்.

உசிலம்பட்டி: கரையோரச் சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டு அலையாத்தி வைக்கலாமா?

கருவேலம் நிற்பது பெரும்பாலும் ஓதம் ஏறாத மேடு. அங்கே வெண்கண்டல் வராது. வேறு மரம் பாருங்கள். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அண்ணா நகர், ஓர் அம்மா: வீட்டில் ஏழு பேர் காரங்காடு பார்க்கப் போகிறோம். என்ன எடுத்துப் போகணும் தம்பி?

மதுரை வழியாக ஓடும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொண்டியில்தான் முடிகிறதும்மா. அங்கிருந்து தெற்கே தேவிபட்டினம் பாதையில் திரும்பினால் ஊர் வரும். செருப்பு சேற்றோடு போய்விடும், வெறுங்காலில் இறங்கினால் சிப்பி கிழிக்கும். இறங்குவதாக இருந்தால் கயிறு கட்டிய பழைய கேன்வாஸ் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளம் ஏறும் நேரத்தை முதல் நாளே படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வத்தின நேரத்தில் போனால் படகு தரை தட்டும். மதியச் சாப்பாட்டையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.