'ஸ்கோல்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளும் தோற்றமும் என்ன?

'ஸ்கோல்ட்' என்பதற்குக் கடிந்துகொள்ளுதல், திட்டுதல் என்று பொருள். பெரியவர் சிறியவரிடம் எரிச்சலோடு சற்றே நீட்டிப் பேசும் கண்டிப்பையே அது பெரும்பாலும் குறிக்கும். அலுவலகத்தில் முறைப்படி தரப்படும் கண்டனத்துக்கு 'ரெப்ரிமாண்ட்' என்பதே பொருத்தமானது; அது அடக்குதல் எனப் பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

'ஸ்கோல்ட்' வந்த வழி இதைவிடச் சுவையானது. ஸ்காண்டிநேவியாவில் முற்காலத்தில் பேசப்பட்ட பழைய நோர்ஸ் மொழியில் கவிஞரைக் குறித்த 'ஸ்கால்ட்' என்பதே இதன் மூலமாக இருக்கலாம் என்பது அகராதியாளர் பலரின் கருத்து. அக்காலக் கவிஞர்கள் புகழ்ப்பாட்டோடு நில்லாமல் பகைவரை இழித்து வசையும் பாடினார்கள் என்பதையும், இடைக்கால ஐஸ்லாந்துச் சட்டம் அத்தகைய பாட்டுகளுக்குத் தண்டனை விதித்தது என்பதையும் நோக்கினால், கவிஞரைக் குறித்த சொல் வசைபாடுபவரைக் குறிக்கலானது அவ்வளவு வியப்பானதன்று.

ஆங்கிலத்தில் இது முதலில் பெயர்ச்சொல்லாகவே வழங்கியது. ஓயாமல் ஏசிச் சண்டையிடுபவரை, அதிலும் குறிப்பாகப் பெண்ணை, அது சுட்டியது. (ஏசும் ஆண்களுக்கு அந்தப் பட்டம் அரிதாகவே கிடைத்தது!) அண்டை அயலாரின் அமைதியைக் கெடுக்கும் 'ஸ்கோல்ட்' ஆக இருப்பது, நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே உருவான இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் ஒரு குற்றமாகவே இருந்தது, குற்றவாளியை நாற்காலியில் கட்டி நீரில் அமிழ்த்துவதும் தண்டனைகளுள் ஒன்று. அமெரிக்காவிலும் 1829இல் ஆன் ராயல் என்ற எழுத்தாளருக்கு வாஷிங்டன் நீதிமன்றம் இதே குற்றத்துக்காக 10 டாலர் அபராதம் விதித்தது. இங்கிலாந்தில் இக்குற்றம் 1967ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத்தால்தான் நீக்கப்பட்டது.