வண்டி எப்போது சூடேறுகிறது? பழைய கார்காரர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சூட்டைப் பற்றியவைதான். எழுதும்போது சூடு காட்டும் ஊசி எப்போது ஏறுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கும்.

கேள்வி: 1988 புரோட்டோன் சாகா. செந்தூலில் ஜாமில் நின்றால் ஊசி ஏறுகிறது, நெடுஞ்சாலையில் ஓடினால் இறங்கிவிடுகிறது. பட்டறையில் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. ஓடும்போது காற்று தானாக வருகிறது, நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும், ஆகவே முதல் சந்தேகம் ஃபேன் மேல். வண்டியை நிறுத்தி, என்ஜினை ஐடிலில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல்) ஓடவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள். ஃபேன் சுற்றவில்லை என்றால் மோட்டாருக்கு நேரடியாக பேட்டரி கரண்ட் கொடுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது, கோளாறு ஃபியூஸிலோ ரிலேயிலோ ரேடியேட்டர் சுவிட்சிலோ. ஏர்கான் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் குப்பை அடைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். அப்பாவின் 1967 மோரிஸ் மைனர். தினமும் காலையில் ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்புகிறேன், மாலையில் தரையில் தண்ணீர். எங்கே ஓட்டை?

பதில்: அநேகமாக ஓட்டையே இல்லை ஐயா. இந்தக் காரில் வழிவதைப் பிடிக்கப் பாட்டில் கிடையாது, மிஞ்சியது குழாய் வழியாக ரோட்டுக்குப் போய்விடும். ஐந்து லிட்டர் தண்ணீர் கொதிநிலை வரை சூடானால் ஏறக்குறைய 200 மில்லி பெருகும், அதற்கு இடம் விடாமல் நீங்கள் நிரப்புகிறீர்கள், அது வெளியேறுகிறது, மறுநாள் மறுபடி நிரப்புகிறீர்கள். ஒரு வாரம் நிரப்பாமல் விடுங்கள், ஆனால் தினமும் என்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே வந்து அங்கேயே நின்றால் வண்டி நலம். அதற்கும் கீழே இறங்கிக்கொண்டே போனால்தான் கோளாறு, அப்போது முதலில் மூடியைச் சந்தேகப்படுங்கள். 7 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) வரை தாங்கும் மூடி இருந்தால் தண்ணீர் 110 டிகிரி வரை கொதிக்காது, ரப்பர் இறுகி அழுத்தம் நிற்காவிட்டால் 100-லேயே கொதித்துத் தள்ளிவிடும். அதற்காக 15 பிஎஸ்ஐ மூடி வாங்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய ஈயப் பற்றுகள் அதைத் தாங்காது, கையேட்டில் உள்ள அளவே போதும்.

கேள்வி: டாட்சன் 120ஒய். கெந்திங் ஏறும்போது பாட்டிலில் குமிழி கொதிக்கிறது, காலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் மாதிரி ஆகிவிடுகிறது.

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டாவது விஷயம்தான் கவலை தருகிறது. இரண்டு நிமிடத்தில் தண்ணீர் சூடாகியே இருக்காது, அப்படியிருக்க ஹோஸ் இறுகுகிறது என்றால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் கசிகிறது. காரணம் ஹெட் கேஸ்கெட், அதாவது என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்பாகமான பிளாக்குக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகடு. உறுதிசெய்ய, நீல நிறத் திரவச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் கழுத்தில் வைக்கும் அந்தத் திரவம் மஞ்சளானால் முடிவு தெரிந்துவிடும். இந்த என்ஜினுக்கு ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு, அதிகச் சூட்டில் ஹெட் வளையும். கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிட வேண்டாம், ஹெட்டின் சமத்தையும் விரிசலையும் பார்த்த பிறகே பூட்டச் சொல்லுங்கள். நான் ஒருமுறை அதைப் பார்க்காமல் விட்டு, மூன்றே மாதத்தில் இரண்டாவது தடவை கழற்றினேன். பழுது பார்க்கும் வரை மலைப்பக்கம் போகாதீர்கள். வழியில் சூடேறினால் நிறுத்தி நன்றாக ஆற விடுங்கள். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவது ஹெட்டில் விரிசல் விழ வைக்கும்.

கேள்வி: பழைய மினி. சூடு ஊசி உச்சத்தில் நிற்கிறது, பெட்ரோல் ஊசியும் எப்போதும் நிறைவாகக் காட்டுகிறது. என்ஜின் சாதாரணமாகத்தான் ஓடுகிறது.

பதில்: இரண்டு ஊசியும் சேர்ந்து பொய் சொன்னால், இரண்டுக்கும் கரண்ட் தரும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர்தான் காரணம். 10 வோல்ட் கொடுக்க வேண்டியது அதிகமாகக் கொடுக்கிறது. சின்னப் பொருள், மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று கழற்றிவிட்டார் மெக்கானிக். சரியா அண்ணே?

பதில்: சரியில்லை. என்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடி வைத்திருக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட், திரும்பப் போடுங்கள். வெளியே 33 டிகிரி இருந்தாலும் என்ஜின் 80-க்கு மேல்தான் சரியாக வேலை செய்யும். ஆறிய என்ஜின் பெட்ரோலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும். பழையது நல்லதா என்று அறிய ஒரு சட்டித் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதன்மேல் 82 என்று அடித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டி வாய் திறக்க வேண்டும். கொதித்த பிறகும் திறக்காவிட்டால் புதியது வாங்குங்கள்.